கத்திரி வெயிலில் காயும் மூடி! ஆடி வெள்ளத்தில் மூழ்கும் படகு!

திருமழபாடியில், கொள்ளிடக் கரையில் ஒரு மீனவரைப் பார்த்தேன்.

அவரிடம் படகு இல்லை. பரிசலும் இல்லை. காற்று அடைத்த பழைய லாரி டியூப் ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்துதான் ஆற்றில் போய் வலை வீசுகிறார்.

வலை வீசி முடித்துக் கரை ஏறினார். ஏறியதும் அவர் என்ன செய்தார் தெரியுமா?

மீனைக் கவனிக்கவில்லை. வலையையும் கவனிக்கவில்லை. முதலில் டியூபை நல்ல தண்ணீரில் அலசினார். ஒட்டியிருந்த மணலைக் கையால் தடவி எடுத்தார். கொஞ்சம் காற்றை இறக்கினார். வேப்ப மரத்து நிழலுக்குக் கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். அதற்குப் பிறகுதான் மீன் பக்கம் திரும்பினார்!

"மீனுக்கு முன்னால் டியூபுக்கா மரியாதை?" என்று கேட்டேன்.

"மீன் நாளைக்கும் கிடைக்கும், தம்பி. நடு ஆற்றில் டியூப் போய்விட்டால் நான் கிடைக்க மாட்டேன்! ரப்பருக்கு வெயில்தான் எமன்" என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போனவரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் லட்சக்கணக்கில் பணம் போட்டுப் படகு வாங்குகிற பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கயாக் என்றால் என்ன?

"கயாக்" என்று ஒரு படகு இருக்கிறது. ஒல்லியான படகு. ஒருவர் அல்லது இருவர் உட்காரலாம். கையில் ஒரு கழி இருக்கும். கழியின் இரண்டு முனையிலும் துடுப்பு இருக்கும். இடம், வலம், இடம், வலம் என்று மாற்றி மாற்றித் தள்ளினால் படகு அம்பு போலப் பாயும்.

இது நம் நாட்டுப் படகு அல்ல. வட துருவத்தின் ஓரத்தில், கிரீன்லாந்து, அலாஸ்கா முதலிய பனிப் பிரதேசங்களில் வாழும் மக்கள் கண்டுபிடித்தது. சீல் என்னும் கடல்நாயின் தோலை மரச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்துச் செய்தார்கள். அதில் ஏறிக் கடலில் வேட்டைக்குப் போனார்கள்.

இப்போது தோல் போய்விட்டது. பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்கிறார்கள். வேட்டையும் போய் விளையாட்டு வந்துவிட்டது. 1936ஆம் ஆண்டு பெர்லினில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் கயாக் போட்டியும் சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் கயாக் வந்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. அங்கே அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கயாக் ஓட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் குடும்பத்தோடு வருகிறவர்களும் ஆசையாக ஏறுகிறார்கள்.

இந்தப் படகில் ஒரு ரகசியம் உண்டு. கடலில் ஓட்டும் கயாக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் தண்ணீர் புகாத அறைகள் இருக்கும். அந்த அறைக்குள் துணிமணி, சாப்பாடு எல்லாம் வைக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமானது, உள்ளே இருக்கும் காற்று. படகு கவிழ்ந்தாலும் அதை மிதக்க வைப்பது அந்தக் காற்றுதான்.

அந்த அறைக்கு ஒரு வாய் இருக்கிறது. வாய்க்கு ஒரு மூடி இருக்கிறது. பல படகுகளில் அது ரப்பர் மூடி. சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும்.

படகில் விலை குறைந்த சாமான்களில் அதுவும் ஒன்று. உயிரைக் காக்கும் சாமானும் அதுதான்!

எனக்கு நேர்ந்தது

பக்கத்து மாநிலத்தில் ஒரு காயல். ஊர்ப் பெயர் வேண்டாம். நடத்துகிறவர்கள் பெயரும் வேண்டாம். குறை சொல்வது என் நோக்கம் அல்ல.

நண்பர் ஒருவரும் நானும் ஆளுக்கொரு கயாக் எடுத்தோம். நண்பருடைய படகில் பின்பக்கத்து மூடி வெளுத்துப் போயிருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய ரப்பர் சாம்பல் நிறமாக இருந்தது. விளிம்பில் மெல்லிய கீறல்கள். கோடையில் வறண்ட ஏரியின் மண் வெடித்திருக்குமே, அது போல!

"ஒன்றும் ஆகாது சார், போன வாரம் கூட ஓட்டினார்கள்" என்றார் அங்கே இருந்த பையன்.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. ஒரு மோட்டார் படகு எங்களைக் கடந்தது. அதன் அலை நண்பரின் படகு மேல் ஏறி இறங்கியது. அப்புறம் இன்னொரு படகு. இன்னொரு அலை. கொஞ்ச நேரத்தில் நண்பரின் படகு பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. துடுப்புப் போட்டால் முன்னே போக மறுத்தது. மூடியின் கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது!

கரை பக்கத்தில் இருந்தது. மிதவைச் சட்டையும் போட்டிருந்தோம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகை இழுத்துக்கொண்டு நடந்தோம். நண்பருக்கு நீச்சல் தெரியாது. அவர் முகம் அன்று இருந்த இருப்பை நான் மறக்கவில்லை.

கரை ஏறிய பிறகு சுற்றிப் பார்த்தேன். மற்றப் படகுகள் எல்லாம் மணலில் வரிசையாகக் கிடந்தன. உச்சி வெயில். ஒரு கீற்று நிழல் கூட இல்லை. எல்லா மூடிகளும் வானத்தைப் பார்த்தபடி வெந்துகொண்டிருந்தன.

பத்து அடி தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது!

சின்ன வளையம், பெரிய ஆபத்து

"ஒரு மூடிக்கு இத்தனை பேச்சா?" என்று நினைக்கிறீர்களா?

உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போங்கள். பிரஷர் குக்கரின் மூடியைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. கேஸ்கட் என்கிறோம். அது விறைத்துப் போனால் என்ன ஆகிறது? ஆவி ஓரத்தில் கசிகிறது. விசில் வருவதில்லை. பருப்பு வேகவில்லை என்று வீட்டில் சண்டை!

கயாக் மூடியும் அதே ஜாதிதான். குக்கரில் ஆவி வெளியே போகாமல் காக்கிறது. படகில் தண்ணீர் உள்ளே வராமல் காக்கிறது. குக்கரில் தவறினால் பருப்போடு போகும். படகில் தவறினால்?

இன்னும் பெரிய உதாரணம் ஒன்று சொல்கிறேன்.

1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி. அமெரிக்காவில் "சேலஞ்சர்" என்னும் விண்வெளி ஓடம் வானில் கிளம்பியது. உள்ளே 7 பேர். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை. கிளம்பிய 73ஆவது விநாடியில் விண்வெளி ஓடம் வானிலேயே சிதறியது. 7 பேரும் மாண்டார்கள்.

காரணம் என்ன? ராக்கெட்டின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் இருந்த ஒரு ரப்பர் வளையம்! முதல் நாள் இரவு கடுங்குளிர். குளிரில் ரப்பர் விறைத்துவிட்டது. இடைவெளியை அடைக்க முடியவில்லை. அந்த வழியாக நெருப்பு வெளியே வந்தது.

இதை விசாரித்த குழுவில் ரிச்சர்டு ஃபெயின்மன் என்ற விஞ்ஞானி இருந்தார். நோபல் பரிசு பெற்றவர். எல்லோர் முன்னிலையிலும் அந்த ரப்பரில் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்துக் காட்டினார். நசுக்கிய ரப்பர் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான். பெரிய பெரிய கணக்குகள் சொல்லாததை அந்த ஒரு டம்ளர் தண்ணீர் சொல்லிவிட்டது.

அங்கே குளிர். இங்கே வெயில். ரப்பரை விறைக்க வைத்தால் வினைதான்!

ரப்பர் ஏன் சாகிறது?

ரப்பர் மரத்தில் இருந்து வடியும் பால்தான் ரப்பர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன. மரத்தின் பட்டையைக் கீறினால் பால் சொட்டும்.

அந்தப் பாலை உறைய வைத்து அப்படியே பயன்படுத்த முடியாது. வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் உடையும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். ஒரு தடவை அரசாங்கத்துக்காக ரப்பரில் தபால் பைகள் செய்தார். சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். திரும்பி வந்து பார்த்தால், பைகள் எல்லாம் வெக்கையில் இளகித் தொங்கிக்கொண்டிருந்தன! அப்போதும் அவர் விடவில்லை. 1839ஆம் ஆண்டு, ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார்.

அந்த மனிதர் 1860ஆம் ஆண்டு கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898ஆம் ஆண்டு வேறு ஆட்கள் தொடங்கியது.

குட்இயர் ரப்பருக்கு ஆயுளைக் கூட்டினார். சாகா வரம் கொடுக்கவில்லை!

ரப்பருக்குள் இடியாப்பம் போலச் சிக்குண்ட நீள நீளமான இழைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இழைகள். இழுத்தால் நீளும். விட்டால் சுருங்கும். சூரிய ஒளி அந்த இழைகளை அறுக்கிறது. காற்றில் உள்ள பிராணவாயு உள்ளே புகுந்து கெடுக்கிறது. சூடு இந்த வேலையை இன்னும் வேகமாக்குகிறது.

இன்னொரு பகைவனும் உண்டு. அவன் பெயர் ஓசோன். வானத்தின் உயரத்தில் இருக்கும்போது ஓசோன் நமக்குக் குடை. தரைக்குப் பக்கத்தில் வந்தால் ரப்பருக்குக் கத்தி! மோட்டார் வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன. மின்சார மோட்டார் ஓடும் இடத்திலும், வெல்டிங் பட்டறையிலும் அது உண்டாகிறது.

ஓசோன் எந்த ரப்பரை முதலில் பிடிக்கும் தெரியுமா? இழுத்து மாட்டியிருக்கும் ரப்பரை! சும்மா கிடக்கும் ரப்பரை அது அவ்வளவு தொடுவதில்லை. இழுபட்டு நிற்கும் ரப்பரில்தான் கீறல் விழும். கயாக்கின் மூடி விளிம்பில் இறுக மாட்டியே இருப்பது. ஆகையால்தான் கீறல் விளிம்பிலிருந்து தொடங்குகிறது.

நம்பிக்கை இல்லையா? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் நல்ல பாடம். இரண்டு ரப்பர் பாண்டு எடுங்கள். ஒன்றை ஒரு டப்பாவைச் சுற்றி இறுக மாட்டி மொட்டை மாடியில் வையுங்கள். இன்னொன்றைச் சும்மா மேஜை அறைக்குள் போடுங்கள். கோடை நாட்களில் தினமும் போய்ப் பாருங்கள். மாடியில் இருப்பது வெளுத்து, வெடித்து, ஒரு நாள் அறுந்து கிடக்கும். மேஜை அறையில் இருப்பது அப்படியே இருக்கும்!

ஏழு வாரம்தான் இடைவெளி!

நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்குகிறது. 28ஆம் தேதி வாக்கில் முடிகிறது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. இடையில் ஏழு வாரம்தான்!

ஆடி என்றால் திருமழபாடி மக்களுக்கு என்ன நினைவு வரும்? கொள்ளிடம்!

காவிரியில் வெள்ளம் வந்தால் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பி விடுகிறார்கள். வெள்ளத்தைச் சுமக்கிற ஆறு இது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சியில் 1928ஆம் ஆண்டு கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் இடிந்து விழுந்தன. ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் ஆறு கரைபுரண்டது.

வெள்ளம் வந்தால் யார் வருகிறார்கள்? தீயணைப்புப் படையினர் வருகிறார்கள். அரக்கோணத்தில் முகாம் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வருகிறார்கள். எதில் வருகிறார்கள்? காற்று அடைத்த ரப்பர் படகில்! 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தெருத் தெருவாகப் போய் மக்களை மீட்டது அந்தப் படகுகள்தான்.

அந்தப் படகிலும் காற்று அடைக்கும் வாய் உண்டு. வாய்க்கு மூடி உண்டு. மூடிக்குள் வாஷர் உண்டு. படகு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உயிர் இருப்பது அந்த வாஷரில்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ரப்பர் சாவது கத்திரியில். அது செத்துவிட்டது என்று தெரிவது ஆடியில்! வெயிலில் கிடக்கும்போது மூடி சத்தம் போடாது. "ஐயோ, நான் விறைத்துப் போகிறேன்" என்று கத்தாது. வெள்ளத்தில் இறங்கிய பிறகுதான் உண்மை தெரியும். அப்போது கடைக்கு ஓட முடியுமா?

"புதிது வாங்கினால் போயிற்று!"

இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. "மூடி என்ன பெரிய விலையா? கெட்டால் புதிது மாட்டலாமே!"

மாட்டலாம். ஆனால் எங்கே கிடைக்கும்? சைக்கிள் டியூப் போல எல்லாக் கடையிலும் கயாக் மூடி தொங்குவதில்லை. ஒரு கம்பெனி மூடி இன்னொரு கம்பெனிப் படகுக்குப் பொருந்தாது. எழுதிப் போட்டு, வந்து சேர நாள் ஆகும். அதுவரை என்ன நடக்கும்? படகைச் சும்மா போட வேண்டும். அல்லது பாலிதீன் காகிதத்தைக் கட்டி ஓட்ட வேண்டும். ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது எதைச் செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்!

"கொட்டகை போடப் பணம் ஏது?" என்றும் கேட்பார்கள். கான்கிரீட் மண்டபம் யாரும் கேட்கவில்லை. நாலு மூங்கில், கொஞ்சம் தென்னங்கீற்று போதும். அதுவும் இல்லையா? திருமழபாடி மீனவரிடம் இருந்தது ஒரு சாக்குதான்!

இன்னொரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. எதையும் வெயிலில் காய வைப்பது. வடாம் காய்கிறது. வற்றல் காய்கிறது. நெல் காய்கிறது. நல்லதுதான். அந்தப் பழக்கத்திலேயே ரப்பர் மூடியையும் கழுவி வெயிலில் போடுகிறோம். வடாம் காய்ந்தால் ருசி. ரப்பர் காய்ந்தால் நாசம்!

என்ன செய்ய வேண்டும்?

செலவு இல்லாத வழிகளே அதிகம். படகு வைத்திருக்கிறவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நிழல். வேலை முடிந்ததும் படகை நிழலுக்கு இழுங்கள். நிழல் இல்லாவிட்டால் மூடிகளின் மேல் சாக்கோ, தடித்த துணியோ போடுங்கள்.

இரண்டாவது, மூடியைக் கழற்றி வையுங்கள். நாள் கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் மூடி படகில் இருக்க வேண்டாம். இழுபட்டு நிற்காமல், மடங்காமல், தட்டையாக அறைக்குள் வையுங்கள். திறந்த வாய்க்குள் எலியும் தேளும் புகாமல் பழைய துணியைக் கட்டுங்கள். மூடி வைக்கும் அறையில் மின்சார மோட்டார் ஓட வேண்டாம்.

மூன்றாவது, அலசுங்கள். கடலில் ஓட்டினால் உப்பு. ஆற்றில் ஓட்டினால் மணல். இரண்டும் விளிம்பை அரம் போலத் தேய்க்கும். நல்ல தண்ணீரில் அலசி, மெத்தென்ற துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். மூடி உட்காரும் பள்ளத்தையும் துடைக்க மறக்காதீர்கள்.

நான்காவது, எண்ணெய் கூடாது! பளபளப்பு வர வேண்டும் என்று சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். அன்றைக்குப் பளபளக்கும். பிறகு ரப்பர் ஊதிப் போய்க் கொழகொழக்கும். பெட்ரோல், கிரீஸ், வாசலின் எல்லாம் ரப்பருக்கு விஷம். சூரிய ஒளியைத் தடுக்கும் ரப்பர்ப் பூச்சுத் திரவம் கடைகளில் விற்கிறது. தண்ணீரில் கலந்து செய்ததா, பெட்ரோலிய எண்ணெய் சேராததா என்று பார்த்து வாங்குங்கள். பல நாள் எடுத்து வைப்பதென்றால் சைக்கிள் கடையில் டியூபுக்குத் தூவுகிறார்களே, அந்த வெள்ளைப் பவுடரைத் தூவினால் ஒட்டிக்கொள்ளாது.

ஐந்தாவது, திறக்கும் முறை. ஆணி, கத்தி, ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பாதீர்கள். விளிம்பைத் தண்ணீரால் நனைத்து, ஒரு பக்கத்திலிருந்து விரலால் கிளப்புங்கள். மாட்டும்போது சுற்றிலும் அழுத்திப் பாருங்கள். மூடியின் மேல் உட்காராதீர்கள். அதன் மேல் கால் வைத்து ஏறாதீர்கள். மூடியைப் படகோடு ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள். ஆற்றோடு போகாது.

ஆறாவது, மூடிய படகை வெயிலில் விடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும். மூடியை மேலே தள்ளும். கரையில் இருக்கும்போது மூடியின் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் அழுத்தி மூடுங்கள்!

கடைசியாக, சோதனை. மூடியின் ஓரத்தை லேசாக வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முடி போன்ற கீறல் தெரிகிறதா? தொட்டால் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டுகிறதா? பிசுபிசுக்கிறதா? அந்த மூடி ஓய்வு பெறும் வயதை அடைந்துவிட்டது! சந்தேகமாக இருந்தால் அறைக்குள் பழைய செய்தித்தாளை விரியுங்கள். மூடியைப் போடுங்கள். மேலே நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். திறந்து பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் அந்தப் படகு அன்று தண்ணீரில் இறங்கக் கூடாது.

ஒரு நாள் குறியுங்கள்!

படகு வைத்திருக்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும், சங்கத்துக்கும், ஊராட்சிக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வருடத்தில் ஒரு நாளை மூடி பார்க்கும் நாளாக வையுங்கள்.

எந்த நாள்? ஜூன் 12! மேட்டூர் அணையைக் குறுவைச் சாகுபடிக்குத் திறக்க வழக்கமாகக் குறித்திருக்கும் நாள் அது. காவிரிக் கரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கத்திரி முடிந்திருக்கும். ஆடி பிறந்திருக்காது. கெட்டுப்போன மூடிக்குப் பதில் புதிது வாங்க இன்னும் ஒரு மாதம் இருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம். மூடி வாங்கிய தேதி, சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து. கையெழுத்துப் போடுகிறவருக்குப் பொறுப்பு வந்துவிடும். ஒரு மூடி எப்போதும் உபரியாக இருக்கட்டும்.

படகில் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளோடு ஏறுகிறீர்கள். மிதவைச் சட்டை கேட்டு வாங்குகிறீர்கள். அதோடு, "மூடியைக் காட்டுங்கள்" என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை சரியா என்று எண்ணிப் பார்க்கிறோமே!

திருமழபாடியில் பங்குனி மாதம் நந்தி கல்யாணம் நடக்கிறது. சுற்று வட்டார ஜனங்கள் கூடுகிறார்கள். திருவிழாவுக்கு முன்பே பந்தல் போட்டுவிடுகிறோம். ஏன்? வெயிலில் மனிதர் வாடக் கூடாது என்று.

அந்தப் பந்தலில் ஒரு கீற்றை நம் உயிரைக் காக்கும் ரப்பருக்கும் கொடுக்கக் கூடாதா?

அந்த மீனவர் சொன்னது சரி. மீன் நாளைக்கும் கிடைக்கும்!